செல்லோ பழகத் தொடங்கியவர் ஒரு நாளில் எதை, எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறார், வேலை கோட்டையில். பள்ளிக்கூடக் காலத்தில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்காகக் கர்நாடக வயலின் படித்தவர். இப்போது ஐந்து மாதமாக, வயலின் குடும்பத்தில் கதிரையில் இருந்து வாசிக்கும் பெரிய வில் வாத்தியமான செல்லோவின் வகுப்புக்குப் போகிறார். கிழமை நாட்களில் நேரம் கிடைப்பதில்லை என்பதால் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒரேயடியாக இருந்து வாசிக்கிறார். சுருதி நிற்கவில்லை, தோள் நோகிறது, கீழ் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். பாஹ் எழுதிய முதலாவது செல்லோ சூட் என்ற தொகுப்பின் தொடக்கப் பகுதியான பிரெலூட்டை என்றைக்கு வாசிக்கலாம் என்பதுதான் கடைசிக் கேள்வி.

தங்கச்சி, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலத்தை விட்டுவிடுங்கள். அதை உடைத்து, கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் என்று வையுங்கள். மொத்த நேரம் குறையும், ஆனால் வாசிப்பு ஏறும். புதிதாகப் பழகும் அசைவு நித்திரையில்தான் நன்றாகப் படிகிறது. ஐந்து தரம் பழகி ஐந்து தரம் படுத்தெழும்பினால் அது ஐந்து முறை படிகிறது. ஆறு நாள் இடைவெளி விட்டால், ஒவ்வொரு ஞாயிறும் முதல் அரை மணித்தியாலம் போன ஞாயிறு விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போய்விடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. தொடக்கக்காரருக்குக் கையைவிடக் காது முந்திக் களைத்துவிடும். 20, 25 நிமிடத்துக்குப் பிறகு சுருதி கொஞ்சம் இறங்கினால் தெரியாது, வில் சறுக்கினால் தெரியாது. கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கைக்குச் சரி எது பிழை எது என்று தெரியாது, எதைத் திருப்பித் திருப்பிச் செய்கிறீர்களோ அதைப் பிடித்துக்கொள்ளும். உங்களுடைய இரண்டாவது மணித்தியாலத்தில் நீங்கள் பழகியது பெரும்பாலும் பிழையான சுரங்களைத்தான். எவ்வளவு நேரம் வாசிப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: காது விழித்திருக்கும் வரைக்கும். அது போனதும் வில்லைக் கீழே வைத்துவிடுங்கள், 12 நிமிடம்தான் ஆகியிருந்தாலும் பரவாயில்லை.

அந்த 20 நிமிடத்தை எங்கே தேடுவது? காலி வீதி பஸ்ஸில் நசிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, போனைக் கையில் எடுத்த பிறகு செல்லோவை எடுக்கப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்த கையோடு இருந்துவிடுங்கள். செல்லோ உறைக்கு வெளியே இருந்தால் பாதி வேலை முடிந்தது. உறையைத் திறந்து, தூக்கி நிமிர்த்தி, சுருதி சேர்த்து என்று நினைக்கும்போதே மனது பின்வாங்கும். ஓர் அறை மூலையில் ஸ்டாண்டில் நிற்கட்டும், அல்லது விலாப் பக்கமாகச் சரித்து வையுங்கள். கடலைப் பார்த்த யன்னலுக்கு அருகிலோ ஏசி காற்று நேரே படும் இடத்திலோ வேண்டாம். ஓடித் திரிகிற சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

தோள் நோவுக்கு முதலில் கதிரையைப் பாருங்கள். கை வைத்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்து செல்லோ வாசிக்கவே முடியாது. அதன் இருக்கை பின்பக்கமாகச் சரியும், நீங்களும் சரிவீர்கள். பிறகு செல்லோவை எட்டிப் பிடிக்கத் தோளைத் தூக்குவீர்கள். கையில்லாத சாப்பாட்டு மேசைக் கதிரை போதும். அதன் முன் பாதியில் இருங்கள், இரண்டு பாதமும் நிலத்தில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். நம்முடைய வீடுகளில் எல்லாம் டைல்ஸ் தரை. செல்லோவை நிலத்தில் ஊன்றும் அடிக்கம்பி வழுக்கிக்கொண்டு போகும். அதைத் தடுக்க உங்களுக்குத் தெரியாமலே முழங்காலால் செல்லோவை நெரிப்பீர்கள். ஒரு நாடாவின் ஒரு முனையைக் கதிரைக் காலில் கட்டி, மறு முனையில் வளையம் போட்டு அதற்குள் கம்பியின் நுனியை வைத்தால் அசையாது. அடியில் ஒரு தடித்த கால்மிதியும் போடுங்கள். கீழ் வீட்டுக்குப் போகும் அதிர்வில் ஒரு பங்கு அந்தக் கம்பி வழியாகத்தான் இறங்குகிறது.

சரி, இருந்தாயிற்று. முதல் ஐந்து நிமிடம் இடது கை வேலை செய்யக் கூடாது. வெறும் தந்தியில் நீள வில் மட்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, எட்டு எண்ணி ஒரு வில், திரும்ப எட்டு எண்ணி மறு வில். இது அலுப்பான வேலை என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வடிவாகக் கேட்டால் அலுக்காது. வில்லின் வேகம், கையின் பாரம், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் விரல் வைக்கும் விரற்பலகைக்கும் நடுவே வில் படும் இடம், இந்த மூன்றும்தான் நாதத்தைத் தீர்மானிக்கின்றன. குதிரைக்குக் கிட்டப் போகப் போகப் பாரம் கூட வேண்டும், வேகம் குறைய வேண்டும். விரற்பலகைப் பக்கம் வந்தால் மறுதலையாக. சி, ஜி, டி, ஏ என்ற நாலு தந்திகளில் ஆகத் தடித்த சி தந்திக்கு மெதுவான, பாரமான வில் வேண்டும். அதே வில்லை ஏ தந்தியில் இழுத்தால் நெரிபட்ட சத்தம் வரும். தந்தியையும் பாருங்கள். நல்ல நாதம் வரும்போது அது அகலமாக, ஒரே அளவில் அதிரும். வில் நுனிக்குப் போகும்போது அந்த அகலம் சுருங்கினால், அங்கே பாரம் விட்டுப்போகிறது என்று அர்த்தம். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் இருந்தால் வில் குதிரைக்குச் சமாந்தரமாகப் போகிறதா என்றும் தெரிந்துவிடும். வில்லைப் பிடித்த பெருவிரல் மடிந்திருக்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள். அது விறைத்து நிமிர்ந்தால் மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் வரிசையாக விறைக்கும். உங்கள் தோள் நோவின் மிச்சக் காரணம் அதிலே இருக்கலாம்.

இனிச் சுருதி. உங்களுடைய பிரச்சினையின் வேர் வயலின் என்று நினைக்கிறேன். வயலின் படித்திருப்பது காதுக்குப் பெரிய சொத்து, இடது கைக்கோ கொஞ்சம் தொல்லை. வயலினில் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ. முழு அளவுச் செல்லோவில் அது ஏறத்தாழ 69 செ.மீ. வெறும் தந்தியை ச என்று வைத்தால், அதற்கு ஒரு முழுச் சுரம் மேலே உள்ள சதுஸ்ருதி ரிஷபம், வயலினில் கழுத்து உச்சியில் தந்தியைத் தாங்கும் மேற்கட்டையிலிருந்து சுமார் 3.5 செ.மீ. தூரத்தில் விழும். செல்லோவில் சுமார் 7.5 செ.மீ. அதனால் விரல்களைப் பங்கிடும் முறையே வேறு. வயலினில் அடுத்தடுத்த விரலுக்கு ஒரு முழுச் சுரம் எட்டும். செல்லோவில் கை மேற்கட்டைக்குக் கிட்ட நிற்கும் முதல் நிலையில் அடுத்தடுத்த விரல்களுக்கிடையே அரைச் சுரம்தான். டி தந்தியை ச என்று வையுங்கள். ரி முதலாம் விரல். தாழ்ந்த க ஆன சாதாரண காந்தாரம் என்றால் இரண்டாம் விரல், உயர்ந்த க ஆன அந்தர காந்தாரம் என்றால் மூன்றாம் விரல். ம நாலாம் விரல். உங்கள் கை பழைய ஞாபகத்தில் அந்தர காந்தாரத்தை இரண்டாம் விரலால் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. அது எட்டாது, சுரம் இறங்கி நிற்கிறது. உடனே விரலை இழுத்துச் சரி செய்கிறீர்கள்.

அந்த இழுவையை முதலில் நிறுத்துங்கள். சுரத்தை அசைத்து இழுக்கும் கமகத்தில் வளர்ந்த கைக்கு இழுத்துப் பிடிப்பது இயல்பாக வரும், கேட்க மோசமாகவும் இராது. ஆனால் ஒவ்வொரு தரமும் பிழையான இடத்தில் வைத்துவிட்டுச் சரியான இடத்துக்கு இழுத்தால், கை பழகிக்கொள்வது "பிழையாக வை, பிறகு இழு" என்ற முழுத் தொடரையும்தான். பிழைத்தால் வில்லை நிறுத்துங்கள். விரலைத் தூக்குங்கள். அந்தச் சுரத்தை வாயால் பாடுங்கள். பிறகு விரலை நேரே அந்த இடத்தில் போடுங்கள். மெதுவான வேலை. ஆனால் இரண்டு கிழமையில் வித்தியாசம் கேட்கும்.

விரற்பலகையில் ஒட்டுகிற நாடாத் துண்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் சில மாதங்களுக்கு இருக்கட்டும், நான் எதிரியில்லை. ஆனால் அது கண்ணுக்கான உதவி. செல்லோவே காதுக்கு ஓர் உதவியை வைத்திருக்கிறது. நாலாம் விரல் சுரம், அதற்கு அடுத்த கீழ்த்தந்தியின் மேல் ஸ்தாயி. டி தந்தியில் நாலாம் விரலைச் சரியாக வைத்தால் பக்கத்தில் சும்மா இருக்கும் ஜி தந்தி தானாக அதிரும். ஏ தந்தியில் வைத்தால் டி தந்தி, ஜி தந்தியில் வைத்தால் சி தந்தி. கண்ணாலும் காணலாம், வில்லை எடுத்த பிறகும் ஒலி கொஞ்ச நேரம் மிதக்கும். ஒரு மயிரளவு தள்ளினால் அந்த மிதப்பு செத்துவிடும். ஒவ்வொரு நாளும் இந்த மூன்று இடத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். நாலாம் விரல் சரியாக விழுந்தால் கையின் விரிவும் சரியாக இருக்கும், மற்ற விரல்கள் பெரும்பாலும் தங்கள் இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்த ஏழு எட்டு நிமிடத்துக்கு உங்களிடம் ஏற்கெனவே சாமான் இருக்கிறது: கர்நாடக சங்கீதத்தின் தொடக்கப் பாடமான சரளி வரிசை. சுருதிப்பெட்டிச் செயலியை 2 கட்டையில் போடுங்கள், அது டி. ரொசின் என்ற பிசின் பூசிய வில்லோடு தம்புராவுக்குப் பக்கத்தில் இருப்பது சில மேலைத்தேய ஆசிரியர்களுக்கு வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் ஆதார சுருதியை வைத்துப் பழகுவது அங்கேயும் உள்ள முறைதான். சரளி வரிசையை வழக்கமாகத் தொடங்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் மட்டும் வேண்டாம். அதில் வரும் தாழ்ந்த ரி ஆன சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே உள்ள தூரத்துக்கு முதலாம் விரலைப் பின்னால் நீட்ட வேண்டும். அது பிறகு படிக்கிற நுட்பம், இப்போது செய்தால் கை இறுகும். சங்கராபரணத்தில் வாசியுங்கள். ச வெறும் டி தந்தி, ரி 1, க 3, ம 4, ப வெறும் ஏ தந்தி, த 1, நி 3, மேல் ச 4. மேலைத்தேய முறையில் இதுதான் டி மேஜர் ஸ்கேல். இரண்டு தந்தியிலும் கை ஒரே வடிவத்தில் இருக்கிறது, இடம் மாறவே தேவையில்லை.

காலம், அதாவது வேகம், மாற்றுவதும் அப்படியே. முதலாம் காலத்தில் சுரத்துக்கு ஒரு முழு வில். இரண்டாம் காலத்தில் அரை வில், அதுவும் ஒரு நாள் வில்லின் மேற்பாதியில், ஒரு நாள் கீழ்ப்பாதியில். இப்படி வாசித்தால் வில்லைப் பங்கிடும் கணக்கும் தானாகவே வந்துவிடும். மூன்றாம் காலத்தை இந்த வருடம் தொட வேண்டாம். கெதியாக வாசிக்கும் ஆசை வந்தால் இரண்டாம் காலத்தில் மெட்ரோனோமை 60இலிருந்து 66க்கு ஏற்றிப் பாருங்கள், சுத்தமாக நிற்காவிட்டால் இறங்கிவிடுங்கள்.

மிச்சமுள்ள நேரம்தான் பாட்டுக்கு. இங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தொடக்கத்திலிருந்து வாசிப்பது, பிழைக்கிற இடத்தில் தடக்குப்பட்டு நிற்பது, திரும்பத் தொடக்கத்துக்குப் போவது. முதல் நாலு வரி பளிச்சென்று இருக்கும், ஐந்தாம் வரி மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். பாதையின் ஒரு குழியை நிரப்ப வந்தவன் முழு வீதியையும் கூட்டிக்கொண்டிருப்பது மாதிரி. பிழைக்கும் இடத்தின் இரண்டு பாரை, அதாவது தாளில் நிலைக்கோடுகளுக்கு நடுவே உள்ள இரண்டு பகுதியை, மட்டும் எடுங்கள். அதிலும் உண்மையில் பிழைப்பது இரண்டு சுரத்துக்கு நடுவே உள்ள ஒரு தாவலாகத்தான் இருக்கும், பெரும்பாலும் தந்தி மாறும் இடம். பிழை இடது கையிலா வில்லிலா என்று பிரித்துப் பாருங்கள். விரலே வைக்காமல் வெறும் தந்திகளில் அந்த வில் அசைவை மட்டும் செய்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு பாதி வேகத்தில் இரண்டையும் சேருங்கள். அடுத்தடுத்து மூன்று தரம் சுத்தமாக வந்தால் அன்றைக்குப் போதும். இரண்டு தரம் சரியாக வந்து மூன்றாவது பிழைத்தால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும், வேகத்தையும் குறையுங்கள். முடிக்கும்போது புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் நாளைக்கு எந்த பாரில் தொடங்குவது என்று எழுதிவிடுங்கள். அடுத்த நாள் களைத்து வரும்போது யோசிக்கத் தேவையில்லை.

கிழமைக்கு ஒரு தரம், வகுப்புக்கு முதல் நாள், அதே இரண்டு பாரைப் போனில் பதிந்து கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத பல விஷயங்கள் கேட்கும். போனின் சின்ன ஸ்பீக்கரில் சி தந்தி சரியாக வராது, ஹெட்போனில் கேளுங்கள். ஒரு குறையை மட்டும் பிடித்து ரீச்சரிடம் கொண்டுபோங்கள்.

பரீட்சை பற்றி ஒரு வார்த்தை. ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி என்ற இங்கிலாந்துச் சங்கீதப் பரீட்சை அமைப்புகள் இரண்டுமே இங்கே பரீட்சை வைக்கின்றன, நல்ல அளவுகோல்தான். கொழும்பில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு கிரேடுக்குரிய மூன்று பாட்டை எடுத்து வருடம் முழுக்க அதையே அரைப்பது. சான்றிதழ் வரும், ஆனால் புதிதாக ஒரு தாளை முன்னால் வைத்தால் வாசிக்கத் தெரியாது. பரீட்சைக்குப் போவதென்றால் கடைசி மூன்று மாதம் அந்தப் பாட்டுகள் போதும். அதுவரைக்கும் சின்னச் சின்னதாக நிறைய வாசியுங்கள்.

கீழ் வீட்டாரைப் பொறுத்தவரை முதல் வேலை நேரே போய்க் கதைப்பது. "பின்னேரம் ஏழு மணியிலிருந்து ஏழு இருபது வரைக்கும் வாசிப்பேன், கரைச்சல் என்றால் சொல்லுங்கள் அன்ரி" என்று நேரத்தைக் குறித்துச் சொன்னால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்வார்கள். முடிவு தெரியாத சத்தம்தான் ஆட்களுக்கு எரிச்சல், ஞாயிறு இரண்டு மணித்தியாலம் அப்படிப்பட்டது. குதிரையில் மாட்டுகிற றப்பர் மியூட்டும் உண்டு, சத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் அது குதிரையின் அதிர்வையே அமத்துவதால் நாதத்தில் உள்ள வித்தியாசங்களும் பக்கத்துத் தந்தி அதிர்வதும் மங்கிவிடும். வில் பயிற்சியையும் நாலாம் விரல் சோதனையையும் மியூட் இல்லாமல் செய்யுங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் மாட்டலாம்.

விரல் நுனி நோவது பற்றிப் பயம் வேண்டாம், தோல் தடித்ததும் போய்விடும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கழுத்துப் பலகையின் பின்னால் பெருவிரல் இரண்டாம் விரலுக்கு எதிரே சும்மா தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வாசிக்கும்போதே ஒரு கணம் அதை எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியவில்லை என்றால் நெரிக்கிறீர்கள். கை விறைத்தாலோ மரத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அடுத்தடுத்த நாளும் தொடர்ந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

நம்முடைய காலநிலையில் செல்லோவுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் வில்லின் திருகைத் தளர்த்துங்கள், தந்தியிலும் பலகையிலும் படிந்த ரொசின் தூளைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து தந்தியைக் கெதியாகக் கெடுக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதித் தந்தியை முறுக்கும் பிரடை இறுகும், ஏசி அறையில் காய்ந்து வழுக்கும். இறுகினால் பலத்தைப் பாவிக்க வேண்டாம், நுண்சுருதித் திருகிலேயே சமாளித்துவிட்டு வகுப்பில் காட்டுங்கள். திடீரென்று ஏதாவது கிர்ர் என்று அதிர்ந்தால் விளிம்பில் எங்காவது ஒட்டு விட்டிருக்கலாம். அங்கே பூசும் பசை தேவைப்பட்டால் திறக்கக்கூடியதாகத்தான் ஒட்டப்படுகிறது, பழுதுபார்ப்பவரிடம் சின்ன வேலை. கடையில் விற்கும் சூப்பர் குளூவை மட்டும் கிட்டக் கொண்டு போகாதீர்கள்.

கேட்பதும் பயிற்சிதான். 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி ஒர்கெஸ்ட்ராவின் கச்சேரி நடக்கும்போது, செல்லோ வரிசை தெரியும் பக்கமாகப் பார்த்து இருங்கள். இடது கைகளைப் பார்க்க வேண்டாம், வில்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். மெல்லிய இடத்தில் எல்லா வில்லும் விரற்பலகைப் பக்கம் நகரும். வீட்டில் செல்லோ வித்துவான் ரோஹான் டி சேரத்தின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். 1939இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர், 2024இல் காலமானார். 11 வயதில் இத்தாலிக்குப் போய்க் செல்லோ மேதை கஸ்பார் கசாடோவிடம் படித்தவர், பிறகு இன்னொரு செல்லோ மேதையான பாப்லோ கசால்ஸிடமும் படித்தார். அர்டிட்டி குவார்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழுவில் 2005 வரைக்கும் நெடுங்காலம் வாசித்தார். கண்டிய மேளமும் அடிப்பார், அந்தத் தாளக்கட்டு அவருடைய வில்லில் இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம்.

பாஹ் பிரெலூட்டுக்கு வருவோம். முழுவதையும் ஒழுங்காக வாசிக்கச் சில வருடம் செல்லும், அதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனமில்லை. ஆனால் அதன் முதல் பாரில் உள்ள சுரங்களைப் பாருங்கள்: வெறும் ஜி, வெறும் டி, ஏ தந்தியில் முதலாம் விரல், வெறும் ஏ. இடது கைக்கு ஒரே ஒரு விரல்தான் வேலை. மீதி எல்லாம் மூன்று தந்திகளுக்கிடையே வில்லைச் சாய்த்து மாற்றும் வலது முழங்கையின் வேலை. இன்னும் இரண்டு மூன்று மாதத்தில், நீள வில் நேராகப் போகத் தொடங்கியதும், அந்த ஒரு பாரை வெள்ளிக்கிழமைகளில் கடைசி மூன்று நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சுரத்துக்கு ஒரு வில், மெட்ரோனோம் 60இல். இரண்டாவது பாரில் விரல்கள் கூடுகின்றன, அதை எப்போது தொடங்குவது என்று உங்கள் ரீச்சரிடமே கேளுங்கள். உங்கள் கையை நேரே பார்க்கிறவர் அவர்தான்.